விலை உங்கள் இஷ்டம்

2007 அக்டோபர் 10. ஹாஸ்டலுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். நானும் அறைத்தோழனும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒரு இங்கிலாந்து ராக் பேண்டின் இணையதளம். புது ஆல்பத்தின் பெயர், அதற்குக் கீழே பவுண்டு குறியோடு ஒரு வெற்றுப் பெட்டி. விலை எங்கே என்று தேடினால் விலையே இல்லை. பக்கத்திலிருந்த கேள்விக்குறியைச் சொடுக்கினால், அது உங்கள் இஷ்டம் என்கிற மாதிரி ஒரு பதில். மறுபடி சொடுக்கினால், நிஜமாகவே உங்கள் இஷ்டம்தான் என்று இன்னொரு பதில்.

"எவ்வளவுடா போடுறது?"

"முட்டை போடு."

முட்டை போட்டோம். தளம் ஏற்றுக்கொண்டது. பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்டது, கொடுத்தோம். பத்துப் பாட்டு சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வரும்போது சென்டர்காரருக்கு 20 ரூபாய் கொடுத்தேன். பாட்டுப் போட்டவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

அந்த பேண்டின் பெயர் ரேடியோஹெட். ஆல்பத்தின் பெயர் 'இன் ரெயின்போஸ்'. கிரெடிட் கார்டு இல்லாத கல்லூரிப் பையன் வேறு என்ன செய்ய முடியும் என்று அப்போதே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெட்டி மனதை விட்டுப் போகவே இல்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள ஐந்து பேர், இரண்டரை வருட உழைப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீயே பார்த்துப் போடு என்கிறார்கள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அதைத் தேடித்தான் அவர்கள் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

*

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே பையன்கள் படிக்கும் பழைய தனியார் பள்ளி ஒன்று. தாம் யார்க், எட் ஓ'பிரையன், காலின் கிரீன்வுட், ஃபிலிப் செல்வே, காலினின் தம்பி ஜானி என ஐந்து பேரும் அங்கே படித்தவர்கள். 1985-ல் ஒன்றாக வாசிக்கத் தொடங்கினார்கள். பள்ளியின் இசை அறையில் வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை பார்த்ததால் 'ஆன் எ ஃப்ரைடே' என்று பெயர். வெள்ளிக்கிழமை என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாத பெயர்.

தாம் யார்க்குக் குழந்தையிலேயே இடது கண் திறக்கவில்லை. ஆறு வயதுக்குள் ஐந்து அறுவை சிகிச்சைகள். அந்தக் கண்ணிமை இன்றும் பாதி சரிந்துதான் இருக்கும். பள்ளியில் கேலிக்குக் குறைவில்லை. இசை அறை அவருக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருந்தது.

ஜானி எல்லோருக்கும் இளையவர். அண்ணன் கூட்டத்தில் எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று அலைந்த பையன். அவர் பிற்பாடு ஒரு வானொலிப் பேட்டியில் சொன்ன கதை இது. அவர்களின் முந்தைய கீபோர்டுக்காரர் எல்லோரையும் அமுக்குகிற அளவுக்குச் சத்தமாக வாசித்ததால்தான் அனுப்பப்பட்டார் என்று ஜானிக்குத் தெரியும். அதனால் தனக்கு வாய்ப்பு வந்ததும் கீபோர்டின் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, மாதக்கணக்கில் வாசிப்பதுபோல் நடித்திருக்கிறார். யார்க்கோ, நீ என்ன வாசிக்கிறாய் என்று சரியாகக் கேட்கவில்லை, ஆனால் நீ வாசிக்காதபோது வித்தியாசம் தெரிகிறது என்று பாராட்டினாராம். பையன் இரவில் வீட்டுக்குப் போய் உண்மையான ஸ்வரக் கோர்வைகளைக் கற்றுக்கொண்டு, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். இன்று ஹாலிவுட் படங்களுக்கு இசையமைக்கிற ஜானி கிரீன்வுட் கிளம்பிய இடம் அதுதான்.

பள்ளி முடிந்ததும் மூத்தவர்கள் நால்வரும் நான்கு ஊர்களுக்குப் படிக்கப் போனார்கள். எக்ஸிடர், மான்செஸ்டர், கேம்பிரிட்ஜ், லிவர்பூல். இந்த மாதிரிப் பள்ளிக்கூடக் குழுக்கள் பெரும்பாலும் அங்கேயே கலைந்துவிடும். இவர்கள் விடுமுறைக்கு விடுமுறை வந்து கூடினார்கள். 1991-ல் எல்லோரும் மறுபடி ஆக்ஸ்ஃபோர்டில். ஜெரிக்கோ டேவர்ன் என்ற மதுக்கூட மேடையில் வாசித்தார்கள். காலின் அப்போது ஒரு இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்துபோன இஎம்ஐ நிறுவனத்து ஆளிடம் அறிமுகமாகி, தங்கள் டெமோ டேப்பைத் தள்ளிவிட்டார். அந்த வருடக் கடைசியில் ஆறு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம். கூடவே ஒரு நிபந்தனை, இந்த வெள்ளிக்கிழமைப் பெயர் வேண்டாம். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ஒரு பாட்டுத் தலைப்பை எடுத்துக்கொண்டு ரேடியோஹெட் ஆனார்கள்.

ஆறு ஆல்பம். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

1992. முதல் ஆல்பத்துக்காகப் பால் கோல்டரி, ஷான் ஸ்லேட் என்ற இரண்டு அமெரிக்கத் தயாரிப்பாளர்களோடு ஒத்திகை. வேறு பாட்டுகள் சரியாக அமையாமல் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், யார்க் கல்லூரிக் காலத்தில் எழுதிய ஒன்றைச் சும்மா வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் இது நம்ம ஸ்காட் வாக்கர் பாட்டு என்று யார்க் முணுமுணுக்க, தயாரிப்பாளர்கள் அதை நிஜமாகவே வாக்கரின் பாட்டு என்று நம்பிவிட்டார்கள். அடடா, இவ்வளவு நல்ல பாட்டு, இவர்களுடையதில்லையே என்று வருத்தம் வேறு. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதுதான் 'க்ரீப்'.

ஒருவன் தன்னால் நெருங்கவே முடியாத ஒருத்தியைப் பார்த்துத் தன்னையே வெறுத்துக்கொள்கிற பாட்டு. மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். பல்லவி வெடிப்பதற்குச் சற்று முன் கிட்டாரில் 'கர்ரக், கர்ரக்' என்று ஒரு சத்தம் வரும், துருப்பிடித்த ஷட்டரை யாரோ இழுப்பதுபோல. பாட்டு ரொம்ப அமைதியாக இருப்பது பிடிக்காமல் ஜானி அதைக் கெடுக்கப் பார்த்த சத்தம் அது. கெடுக்கப் போட்டதுதான் பாட்டின் அடையாளமே ஆனது.

அந்த செப்டம்பரில் வெளிவந்தபோது இங்கிலாந்தில் சீந்துவாரில்லை. பிபிசி ரேடியோ 1, ரொம்பச் சோகமாக இருக்கிறது என்று ஒதுக்கியது. தரவரிசையில் 78-வது இடம். கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் இஸ்ரேலில் யோவ் குட்னர் என்ற வானொலி அறிவிப்பாளர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். அங்கே ஹிட். பிறகு சான் பிரான்சிஸ்கோவின் ஒரு வானொலி. அங்கிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை முழுக்க. சொந்த ஊர் ஏற்றுக்கொண்டது கடைசியில்தான். 1993 செப்டம்பரில் மறுபடி வெளியிட்டபோது இங்கிலாந்தில் 7-வது இடம்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. மெட்டின் ஒரு பகுதி, ஹாலீஸ் குழு பாடிப் புகழ்பெற்ற 'தி ஏர் தட் ஐ பிரீத்' பாட்டை ஒத்திருந்தது. அதை எழுதிய ஆல்பர்ட் ஹாமண்ட், மைக் ஹேசல்வுட் இருவரும் இன்று 'க்ரீப்'பின் இணை ஆசிரியர்கள். அவர்களை உச்சத்துக்குக் கொண்டுபோன பாட்டில்கூட முழு உரிமை அவர்களுக்கு இல்லை.

பிறகு நடந்ததுதான் கஷ்டமான பகுதி. முதல் ஆல்பத்தையும் 'க்ரீப்'பையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பயணம். கூட்டம் அந்த ஒரு பாட்டுக்காக வரும், அது முடிந்ததும் கிளம்பிப் போகும். கல்லூரிக் காலத்தில் எழுதிய ஒன்றைத் தினமும் இரவு மேடையேறி மறுபடி உணர்வதுபோல் பாட வேண்டும். உங்களுடைய ஒரே ஒரு கவிதை வைரல் ஆகி, போகிற கூட்டமெல்லாம் அதையே வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் பத்துத் தடவை சந்தோஷமாக இருக்கும். நூறாவது தடவை?

*

அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டூடியோ போனபோது இன்னொரு 'க்ரீப்' கேட்டு நெருக்குதல். பதிவு இழுத்துக்கொண்டே போனது. நடுவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பயணம் கிளம்பினார்கள். 1994 மே மாதம் லண்டன் அஸ்டோரியா அரங்கில் வாசித்த கச்சேரியிலிருந்து ஒரு பாட்டை எடுத்து, குரலை மட்டும் புதிதாகப் பதிந்து அப்படியே ஆல்பத்தில் சேர்த்தார்கள். 'மை அயர்ன் லங்'. அயர்ன் லங் என்பது போலியோ காலத்து இயந்திரம். நோயாளியின் உடலை இரும்புப் பீப்பாய்க்குள் வைத்து மூச்சுவிட வைக்கும். வெளியே வந்தால் உயிர் போகும், உள்ளே இருந்தால் அசைய முடியாது. 'க்ரீப்' தங்களுக்கு என்ன செய்தது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

1995 மார்ச்சில் வந்த அந்த ஆல்பம், 'தி பெண்ட்ஸ்', மெல்ல மெல்லப் பரவியது. ஒரே பாட்டுக்காரர்கள் என்ற பெயர் அதில்தான் உதிர ஆரம்பித்தது. அந்தப் பதிவில் பொறியாளராக இருந்த நைஜல் காட்ரிச், ஜானியின் வயதுக்காரர். அதே வருடம் போஸ்னியப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான நிதி ஆல்பத்துக்கு, இவர்களும் காட்ரிச்சும் சேர்ந்து 'லக்கி' என்ற பாட்டை ஐந்து மணி நேரத்தில் பதிந்தார்கள். பெரிய தயாரிப்பாளர், பெரிய ஸ்டூடியோ எதுவும் தேவையில்லை என்று அந்த ஐந்து மணி நேரம் கற்றுக்கொடுத்தது. காட்ரிச் இன்றுவரை ஆறாவது ஆள் மாதிரி கூடவே இருக்கிறார்.

அடுத்ததை வெள்ளோட்டம் பார்த்தது ஒரு பழத்தோட்டத்துக் கொட்டகையில். பிறகு பாத் நகரத்துக்கு அருகே நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமான பழைய மாளிகை. கல் படிக்கட்டின் எதிரொலியில் ஒரு பாட்டு, நடன அறையில் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு பாட்டு. கார், விமானம், தொலைக்காட்சி அரசியல், இயந்திரக் குரல், கூட்டத்துக்கு நடுவில் மூச்சுமுட்டும் தனிமை எல்லாம் அந்தப் பன்னிரண்டு தடங்களில் உண்டு. 1997-ல் கூகுள் நிறுவனம்கூட ஆரம்பிக்கப்படவில்லை. கேட்டுவிட்டு அமெரிக்கக் கிளை திகைத்துப்போனது. இதில் வானொலிக்குத் தோதாக என்ன இருக்கிறது? 20 லட்சம் விற்கும் என்று போட்டிருந்த கணக்கை 5 லட்சமாகக் குறைத்தார்கள். முதல் சிங்கிள் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'பேரனாய்ட் ஆண்ட்ராய்ட்'. இங்கிலாந்தில் 3-வது இடம் போனது. ஆல்பம் முதலிடம். 'ஓகே கம்ப்யூட்டர்'.

1997 ஜூன் 28, கிளாஸ்டன்பரி விழா. சேறும் சகதியுமாக ஒரு மைதானம், முழங்கால்வரை சேற்றோடு கூட்டம். மேடையில் இருப்பவர்களுக்குத் தங்கள் இசையைக் கேட்க உதவும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் பழுதாகிவிட்டன. யார்க்குக்குத் தன் குரலே கேட்கவில்லை. முகத்தில் அடித்த விளக்கில் கூட்டமும் தெரியவில்லை. இறங்கிப் போய்விடலாம் என்ற நிலை. கடைசியில், விளக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புங்கள், அவர்களையாவது பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டு பாடினார். அந்த விழாவின் ஆகச்சிறந்த கச்சேரிகளில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள். பாடியவரைப் பொறுத்தவரை அது ஒரு கெட்ட கனவு.

*

உச்சம் என்றால் அதுதான் உச்சம். அதற்குப் பின்னால் நடந்த உலகப் பயணத்தை கிராண்ட் ஜீ ஒரு ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். பாருங்கள். விமான நிலையம், பேட்டி, மறுபடி பேட்டி, ஒரே கேள்வி. ஐந்து பேரின் கண்ணிலும் உயிர் வடிந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் யார்க்கால் எழுத முடியவில்லை. கிட்டாரைத் தொட்டாலே பிடிக்கவில்லை. தன் குரலைப் பிரதியெடுத்த புதிய பேண்டுகள் வானொலியில் நிறைந்திருந்தார்கள். கிட்டார் இல்லாத மின்னணு இசையை வாங்கி வாங்கிக் கேட்டார்.

1999 ஜனவரியில் பாரிஸில் பதிவு தொடங்கியது. மூன்று கிட்டார் உள்ள ராக் பேண்ட் அது. இப்போது பாதிப் பாட்டில் கிட்டாருக்கு வேலையே இல்லை, அப்படியென்றால் நான் என்ன செய்வது என்று எட் ஓ'பிரையன் போன்றவர்கள் முழிக்க வேண்டியிருந்தது. வெளியிடத் தகுந்த ஒன்றில் உடன்பாடு வராவிட்டால் கலைந்துவிடலாம் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள்.

அப்போது உருவான ஒரு பாட்டின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். 1973-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பால் லான்ஸ்கி என்ற இசையமைப்பாளர், வாக்னரின் 'டிரிஸ்டான்' ஓபராவில் வரும் புகழ்பெற்ற ஸ்வரக் கோர்வையை அடிப்படையாக வைத்து, ஒரு பெரிய ஐபிஎம் கணினியில் நீண்ட மின்னணு இசை ஒன்றைச் செய்தார். அது இடம்பெற்ற பழைய இசைத்தட்டு எப்படியோ ஜானியிடம் வந்தது. அதிலிருந்து சில விநாடிகளை எடுத்தார்கள். அதன்மேல் எழுந்ததுதான் 'இடியோடெக்'. ஒலியை அணைத்துவிட்டு வாசித்த பையன் இப்போது 19-ம் நூற்றாண்டு ஓபராவையும் 70-களின் கணினியையும் சேர்த்து நடனப் பாட்டு செய்கிறான்.

2000 அக்டோபர் 2-ல் 'கிட் ஏ' வந்தது. சிங்கிள் இல்லை. வழக்கமான வீடியோ இல்லை. வருவதற்குச் சில வாரங்கள் முன்பே நாப்ஸ்டரில் கசிந்துவிட்டது. நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி நியூயார்க்கர் இதழில் அலுத்துக்கொண்டு எழுதினார். ஆனாலும் அமெரிக்காவில் முதலிடம், அவர்களுக்கு முதன்முறையாக. இலவசமாகக் கேட்டவர்களும் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதை அந்த ஐந்து பேரும் கவனித்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளம்பரப் பலகை இல்லாத பெரிய கூடாரம் ஒன்றைச் சுமந்துகொண்டு ஐரோப்பாவில் கச்சேரி செய்தார்கள்.

*

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 2003-ல் வந்த 'ஹெய்ல் டு தி தீஃப்' ஆறாவது ஆல்பம். ஒப்பந்தம் முடிந்தது. 2007-ல் இஎம்ஐ நிறுவனத்தையே ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. இவர்கள் புதுப்பிக்கவில்லை. கையில் முடிந்துபோன ஆல்பம், தலைக்குமேல் யாரும் இல்லை. ஆல்பம் தயார், பத்து நாளில் வருகிறது என்று ஜானி இணையத்தில் சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதினார். விளம்பரம் அவ்வளவுதான்.

காசு கொடுப்பவர்களுக்கு 45 பென்ஸ் சேவைக் கட்டணம். முட்டை போட்டவர்களுக்கு அதுவும் இல்லை. வேண்டுமென்றால் 40 பவுண்டுக்கு இசைத்தட்டுகளோடு ஒரு பெட்டி. பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அந்த வருடக் கடைசியில் சிடியாகவும் வந்தபோது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதுவே முதலிடம். முந்தைய ஆல்பம் மொத்தமாகத் தந்ததைவிட, சிடி வருவதற்கு முன்பே இது அதிகம் தந்துவிட்டது என்று அவர்களின் பாடல் உரிமைகளைக் கவனிக்கும் நிறுவனம் 2008-ல் சொன்னது. காரணம் எளிமையானது. நடுவில் ஆள் இல்லை. பழைய ஒப்பந்தத்தில் டிஜிட்டல் வருமானம் அவர்களுக்கு ஏறக்குறைய வரவே இல்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதி. பரவாயில்லை, நம் முட்டையால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் சோனிக் யூத் குழுவின் கிம் கார்டன் ஒரு பேட்டியில் எழுப்பிய ஆட்சேபம் அந்த நிம்மதியைக் கலைத்தது. இவர்கள் இப்படிச் செய்வது, விலை வைத்து விற்கும் மற்றவர்களை மோசமானவர்களாகக் காட்டுகிறது என்பது அவர் வாதம். நியாயம்தான். அந்த வெற்றுப் பெட்டியை வைக்க அவர்களால் முடிந்தது, பல வருடம் ஒரு பெருநிறுவனம் அவர்களுக்காகச் செலவழித்ததால். 'க்ரீப்' இல்லாமல் 'இன் ரெயின்போஸ்' இல்லை. எந்த இரும்புப் பீப்பாயிலிருந்து தப்பிக்கத் துடித்தார்களோ, அது கொடுத்த மூச்சில்தான் இந்தச் சுதந்திரம். ஜெரிக்கோ டேவர்னில் அன்றிரவு வாசித்துக்கொண்டிருந்த ஊர் பேர் தெரியாத ஐந்து பையன்கள் அதே பெட்டியை வைத்திருந்தால் நானும் என் தோழனும் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்.

இன்னொன்று. 2011-ல் அடுத்த ஆல்பம் வந்தபோது அந்தப் பெட்டி இல்லை. எம்பி3 விலை 6 பவுண்டு என்று பளிச்சென்று போட்டிருந்தார்கள். ஒருமுறை செய்து பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். அவர்கள் வழக்கமே அது. 'க்ரீப்' ஓடியது, இன்னொரு 'க்ரீப்' செய்யவில்லை. 'ஓகே கம்ப்யூட்டர்' ஓடியது, கிட்டாரை ஓரம் வைத்தார்கள். வெற்றுப் பெட்டியும் ஓடியது, அதையும் கைவிட்டார்கள்.

ஆனால் பாட்டுகளை அவ்வளவு எளிதில் கைவிட்டதில்லை. 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' என்ற பாட்டை முதலில் மேடையில் பாடியது 1995-ல். சரியான வடிவம் கிடைக்கவில்லை என்று ஆல்பம் ஆல்பமாகத் தள்ளிப்போட்டு, 2016-ல் வந்த 'எ மூன் ஷேப்ட் பூல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வைத்தார்கள். 21 வருடம். இளைஞன் ஒருவன் கிட்டாரோடு கெஞ்சிய பாட்டு, நடுவயதுக்காரனின் தளர்ந்த பியானோப் பாட்டாக வந்து சேர்ந்தது. அதே 2016-ல் பாரிஸ் மேடையில், ஏழு வருடத்துக்குப் பிறகு, 'க்ரீப்' பாடினார்கள். பழைய கோபம் இல்லை. வளர்ந்த பிள்ளை பெற்றவர்களோடு சமாதானம் ஆவது போல இருந்தது, யூடியூபில் பார்த்த எனக்கு.

*

2019-ல் 'ஓகே கம்ப்யூட்டர்' காலத்து ஒலிப்பதிவுகள், சுமார் 18 மணி நேரம், திருடப்பட்டன. ஒன்றரை லட்சம் டாலர் கேட்டு மிரட்டல் வந்ததாகச் சொன்னார்கள். இவர்கள் காசு கொடுக்கவில்லை. மொத்தத்தையும் தாங்களே இணையத்தில் போட்டு, 18 பவுண்டு, 18 நாள், வரும் பணம் சூழலியல் போராட்ட இயக்கம் ஒன்றுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். அப்போது என்னிடம் கார்டு இருந்தது. வாங்கினேன். பணம் போனது இயக்கத்துக்கு. ஆக, 2007-ன் முட்டை முட்டையாகவே இருக்கிறது.

நீங்கள் இதை வாசிக்கும் இந்தப் பக்கத்துக்கும் விலை இல்லை. சிறுபத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களின் காலம் போய், எழுத்து எல்லாம் இலவசமாக இறங்குகிற காலம். குறை சொல்லவில்லை. நானும் இப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் இலவசம் என்றால் யாரோ எங்கோ முன்பே கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். ரேடியோஹெட் விஷயத்தில் அது இஎம்ஐ. மற்ற இடங்களில் யார் என்று எப்போதாவது கேட்டுக்கொள்ளலாம்.

2025 நவம்பரில், ஏழு வருட இடைவெளிக்குப் பின், அவர்கள் மாட்ரிட்டில் மறுபடி மேடையேறிய செய்தி வந்தபோது அறைத்தோழனைக் கூப்பிட்டேன். இப்போது வேறு ஊர், இரண்டு பிள்ளைகள்.

"அன்னிக்கு முட்டை போட்டோமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சென்டர்காரனுக்கு 20 ரூபா நீதான் கொடுத்த. என் பங்கு நான் இன்னும் தரல."

"விடுடா."

"இல்ல, சொல்லு. எவ்வளவு தரணும்?"

"உன் இஷ்டம்."

அன்று இரவு ஜிபேயில் 10 ரூபாய் வந்தது.